ஆலங்கரையின் வாழ்தடம்

வாழ்தடம் என்ற சொல்லை உண்டாக்கியவள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் முதலில் தன் பெயரையும் செய்த வேலையையும் சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன். என் பெயர் வேதவள்ளி. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஆலங்கரைக்குப்பம் எனக்குச் சொந்த ஊர். வேலை பார்த்த இடத்துக்குப் பெயர் கிடையாது. சேலத்துக்கு வடக்கே ஒரு மலையடிவாரத்தில், கடல்காற்று எட்டிப் பார்க்காத ஒரு கட்டடம். உளவுச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்கள் அங்கேதான் வந்து சேரும். நாங்கள் அதை மையம் என்போம்.

ராணுவத்தின் செயற்கைக்கோள் பிரிவில் எல்லாச் சொல்லும் ஆங்கிலத்தில் இருந்த காலம் அது. கரையோரக் காவலுக்குத் தமிழ்ப் பிள்ளைகளை எடுக்க ஆரம்பித்ததும், அவர்களுக்கு விளங்கும்படி ஒரு சொற்பட்டியல் தேவைப்பட்டது. படம் பார்க்கவும் தெரியும், தமிழும் படித்தவள் என்று என் தலையில் கட்டினார்கள். ‘பேட்டர்ன் ஆஃப் லைஃப்’ என்று ஒன்று வந்தது. வாழ்க்கைமுறை என்று எழுதிக் கொண்டுபோனேன். மேலதிகாரி தயாபரன் சார் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

“வாழ்க்கைமுறைன்னா சோறு சாப்பிடறவனா சப்பாத்தி சாப்பிடறவனாங்கற மாதிரி இருக்கும்மா. இது அது இல்ல. ஒருத்தன் காலைல எத்தனை மணிக்குக் கதவத் திறக்கறான், எந்த வழியா நடக்கறான், எப்பத் திரும்பறான். மேலேருந்து மாசக்கணக்கா பாத்துட்டே இருந்தா அவன் போறது வர்றது எல்லாம் ஒரு தடமா விழும். அந்தத் தடம் கிடைச்சிட்டா, அவன் யாருன்னுகூட நமக்குத் தெரிய வேண்டியதில்ல. நாளைக்கு என்ன செய்வான்னு தெரிஞ்சா போதும்.”

“செய்யலன்னா சார்?”

“செய்யலன்னாதான் நமக்கு வேலை.”

அன்று மாலையே வாழ்தடம் என்று எழுதிக் கொடுத்தேன். அவருக்குப் பிடித்துப் போயிற்று. அறிக்கைகளில் அதைப் பயன்படுத்தும் விதம் இதுதான்: இன்னாருடைய வாழ்தடம் நிலையாக உள்ளது, இன்னாருடைய வாழ்தடம் விலகியது. மூன்று நாள் கடை திறக்காதவர் விலகியவர். வழக்கமாகப் போகும் டீக்கடைக்குப் போகாமல் வேறு கடைக்குப் போனவரும் விலகியவர். கடனுக்குப் பயந்து ஒளிகிறாரா, குண்டு வைக்கப் போகிறாரா என்று வானத்திலிருந்து பார்த்தால் தெரியாது. விலகியது மட்டும் தெரியும்.

எங்கள் கரைக்கு மேலே முந்நூறு சின்னச் செயற்கைக்கோள்கள் சுற்றின. நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒன்று தலைக்கு மேல் வரும். மேகம் மறைத்தாலும் அவற்றுக்குக் கண் தெரியும். ஒவ்வொரு படகுக்கும் இயந்திரம் ஒரு வாழ்தடம் வைத்திருந்தது. நாட்டின் எல்லை கடலில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு படகு தன் வாழ்தடத்தை விட்டு விலகினால், ஆளில்லாக் காவல் படகுகள் புறப்படும். அவற்றில் துப்பாக்கி உண்டு, சுடச் சொல்ல ஆள் கிடையாது.

புறப்பட்டுப் போய்ச் சேரும்வரை பதினொரு நிமிடம். அதற்குள் எங்களில் ஒருவர் விலகலுக்குக் காரணம் கொடுக்கலாம். காரணத்தை இஷ்டத்துக்கு எழுத முடியாது. பட்டியலில் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயந்திரம் அதைப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்றால் காவல் படகுகளைத் திருப்பும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நிறுத்துவதற்கு ஒரு பொத்தான் வைத்தால் என்ன என்று தயாபரன் சாரிடம் கேட்டேன்.

“இருந்துச்சு. எடுத்துட்டாங்க,” என்றார். “ஒரு ஆபீசர் பாவம் பாத்து அமுக்கிட்டார். அன்னிக்கு உள்ள வந்தவங்க பாவப்பட்டவங்க இல்ல. அதுக்கப்புறம், மனுஷன் காரணம் சொல்லலாம், கட்டளை போடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க.”

அந்தக் காரணப் பட்டியலைத் தமிழ்க் கரைக்குத் தயாரித்தவளும் நான்தான். மூன்று மாதம் உட்கார்ந்து அறுபத்து நான்கு காரணங்கள் எழுதினேன். மாசி மகத்துக்குச் சாமியைக் கடலுக்குக் கொண்டுபோவது, புதுப் படகு இறக்குவது, பொங்கல் படகுப் பந்தயம், வலையில் ஆமை சிக்கி மெதுவாக வருவது, இயந்திரம் பழுதாகி இன்னொரு படகு இழுத்து வருவது, கல்யாண வீட்டுக்காரர்கள் படகில் ஊர்வலம் போவது. புயலுக்கு முந்தின நாள் படகுகளை ஆற்றுக்குள் ஏற்றுவதைக்கூட மறக்கவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் விட்டேன். மறந்து விடவில்லை. தெரிந்தே விட்டேன்.

எங்கள் ஊரில் கடலில் போனவரைத் தேடுவதைப் பற்றி, அப்படி ஒன்று நடக்காத நாளில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். பேசினால் நடக்கும். எழுதினால் நிச்சயம் நடக்கும். நான் இரண்டு பட்டம் வாங்கியவள், செயற்கைக்கோள் எந்தக் கணக்கில் சுற்றுகிறது என்று வகுப்பே எடுப்பேன். ஆனாலும் அறுபத்தைந்தாவது வரியில் விரலை வைத்தபோது கை வரவில்லை. தம்பி கலைமணி கடலுக்குப் போகிறவன். அப்பாவை ஏற்கனவே கொடுத்தாயிற்று. எப்போதோ நடப்பதுதானே, இதைப் போய் எதற்கு எழுதுவது என்று கணினியை மூடிவிட்டேன். படிக்காதவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. நான் மூடிக்கொண்டது பட்டியல் எழுதும் இடத்தில்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனவள் வாசலிலேயே செல்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். பத்தே காலுக்கு டீ வந்தது. ஒரு வாய் குடிப்பதற்குள் திரையில் எங்கள் கடல் சிவந்தது.

நாற்பத்தொரு படகுகள். வடக்கு தெற்காக ஒரே வரிசை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. இயந்திரம் பக்கத்தில் எழுதியது: வலை இல்லை. அடையாளப் பெட்டிகள் எதுவும் ஒலிக்கவில்லை. எஞ்சின்கள் அணைக்கப்பட்டுள்ளன. அணிவகுத்த நகர்வு. கோட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர். விலகல் உச்சம்.

எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், கடலில் போனவரைத் தேடும் வரிசை இது என்று பார்த்ததும் சொல்லிவிடும். கூப்பிடு தூரத்துக்கு ஒரு படகு. பிணம் நீரோட்டத்தில் என்ன வேகத்தில் போகுமோ அதே வேகத்தில் போக வேண்டும் என்பதால் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். சாவுக்குப் போகும் படகில் பிழைப்புச் சாமான் எதையும் ஏற்றக் கூடாது. வலையை இறக்கிவிடுவார்கள், ஐஸ் பெட்டியை இறக்கிவிடுவார்கள். லைசென்சோடு கொடுத்த, படகு எங்கே என்று சிக்னல் அனுப்பும் அடையாளப் பெட்டியும் வயர்லெஸ்ஸும் பிழைப்புச் சாமான்தானே, அவற்றையும் கரையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் அவர்களைக் கூப்பிட வழி கிடையாது.

வரிசையில் தெற்கிலிருந்து ஏழாவது, பச்சைத் தார்ப்பாய் கட்டின பைபர் படகு. கலைமணியுடையது.

“சார்,” என்றேன். மறுபடியும் கூப்பிட்டேன்.

தயாபரன் சார் எழுந்து வந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தவர், சட்டம் என்றால் சட்டம் என்று இருப்பவர், கெட்டவர் இல்லை. திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“யார் இவங்க?”

“எங்க ஊரு சார். யாரோ கடல்ல விழுந்திருக்காங்க. ஆளத் தேடறாங்க. என் தம்பி இருக்கான் அதுல.”

“காரணம் போடு.”

“பட்டியல்ல இல்ல சார்.”

அவர் என்னைப் பார்த்தார். பட்டியலை எழுதினது யார் என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. அதற்கு அவருக்கு நான் இன்றுவரை கடமைப்பட்டிருக்கிறேன்.

காவல் படகுகளைக் காட்டும் ஆறு முக்கோணங்கள் திரையில் வடக்கிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தன. நான் அவசரத்தில் படகுப் பந்தயம் என்பதை அமுக்கினேன். பொய்தான். இயந்திரம் அரை நிமிடம் யோசித்தது. வேகம் பொருந்தவில்லை, நிராகரிக்கப்பட்டது என்றது. அதோடு என் பெயருக்கு எதிரே இருந்த நம்பிக்கை எண்ணையும் குறைத்தது. எட்டரை நிமிடம் பாக்கி.

“பொய் சொல்லாதே, அடுத்த தடவை உண்மையச் சொன்னாலும் நம்பாது,” என்றார் சார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “புதுக் காரணம் சேர்க்கலாம். உனக்கு அதிகாரம் இருக்கு. ரெண்டு கையெழுத்து, நீ ஒண்ணு நான் ஒண்ணு. ஆனா மூணு உதாரணம் காட்டணும். இதே மாதிரி முன்னாடி நடந்தது, பழைய படத்துல இருக்கணும். ஒன்பது வருஷப் படம் இருக்கு. தேதி தெரியுமா?”

ஒரு தேதி எனக்கு நன்றாகத் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முந்தின கார்த்திகைப் படங்களை எடுத்தேன். அப்பா போன மறுநாள். அப்போது நான் கல்லூரி விடுதியில் இருந்து பஸ் பிடித்து வந்து கரையில் நின்றேன். தேடலுக்குப் பெண்கள் போகக் கூடாது, அதனால் கடலில் என்ன நடந்தது என்று நான் பார்த்ததே இல்லை. இப்போது மேலேயிருந்து பார்த்தேன். முப்பத்தெட்டுப் படகுகள், வகிடு எடுத்த மாதிரி ஒரே நேராக. கரையில் கறுப்பாக ஒரு கூட்டம், பெண்கள். கூட்டத்தை விட்டுத் தள்ளி, தண்ணீருக்குள் இறங்கி ஒரு புள்ளி நின்றது. அது நான். அழ நேரமில்லை. குறியிட்டு உள்ளே தள்ளினேன். இயந்திரம் ஒன்று என்றது.

இரண்டாவது, வடக்குத் தெரு தேசிங்கு சித்தப்பா. மூன்று வருடம் முன்பு, பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள். அதையும் எடுத்தேன். இரண்டு. ஐந்து நிமிடம் இருந்தது.

மூன்றாவது எனக்குத் தெரியவில்லை. மற்ற வருடங்களில் நான் ஊரில் இல்லை. சாவுச் செய்தி வரும், கண்ணீர் விடுவேன், தேதியைக் குறித்து வைத்ததில்லை. ஒன்பது வருடப் படங்களை நாள் நாளாகத் தள்ளிப் பார்க்க ஒரு வாரம் வேண்டும்.

“சார், ஊருக்கு ஒரு போன் பேசணும்.”

உள்ளேயிருந்து வெளியே பேசுவது வேலை போகும் குற்றம். அவர் தன் மேசைப் போனை என் பக்கம் தள்ளினார். எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண் தம்பி பெண்டாட்டி அம்சாவுடையது. நான்காவது மணி அடித்ததும் எடுத்தாள். பின்னால் கடலும் பெண்கள் பேசும் சத்தமும் கேட்டன.

“அம்சா, நான் வேதா பேசறேன். யாரு போனது?”

“பன்னீர் மாமா அண்ணி. விடியக்கால வலை இழுக்கையில விழுந்துட்டாராம். ஏழு மணிக்குப் பஞ்சாயத்துல சொல்லி எல்லாப் போட்டும் போயிருக்கு. உங்க தம்பியும் போயிருக்காங்க. உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கல.”

“அத விடு. உங்கண்ணன் போனாருல்ல, நெடுந்திட்டுல. அது என்னைக்கு? தேதி சொல்லு.”

அவள் கூட்டத்தை விட்டுத் தள்ளி நடப்பது கேட்டது.

“அம்சா.”

“என்ன அண்ணி கேக்கிறீங்க. ஆளுங்க கடல்ல இருக்காங்க. இப்பப் போயி அதைக் கேக்கிறீங்களே.”

படகு கடலில் இருக்கும்போது, கடல் எடுத்தவரின் பெயரைக் கரையில் இருக்கும் பெண் வாயில் எடுக்கக் கூடாது. எடுத்தால் கடல் இன்னொருவரைக் கேட்கும். இது எனக்கும் தெரியும். நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

“பேரு சொல்ல வேணாம். நாள மட்டும் சொல்லு.”

“நாளச் சொன்னாலும் ஒண்ணுதான். நான் மாட்டேன் அண்ணி. கலைமணி அப்பாவுக்கே இப்படித்தான் யாரோ...” புருஷன் பெயரைச் சொல்லிவிட்டாள் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

“அம்சா, இங்க பாரு. நீ சொல்லலன்னா அவன் திரும்பி வரமாட்டான். ஏன்னு கேக்காத. நான் அவனோட அக்கா. பொய் சொல்லுவனா?”

மூன்று நிமிடம். முக்கோணங்கள் பாதிக் கடலைத் தாண்டிவிட்டன. தயாபரன் சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவளைக் கெஞ்சவில்லை.

“நாலு வருஷம் முன்னாடி,” என்றாள் கடைசியில், யாருக்கும் கேட்காத குரலில். “ஆவணி அமாவாசைக்கு மறுநா. அன்னைக்கித்தான் தேடப் போனாங்க.”

போனை அப்படியே மேசைமேல் போட்டேன். ஆவணி அமாவாசை இங்கிலீஷ் தேதியில் எது என்று யாருக்குத் தெரியும். சார் சட்டென்று, “நிலா இல்லாத ராத்திரின்னு தேடு, சிஸ்டத்துல இருக்கு,” என்றார். தேடினேன். ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. முதலில் எடுத்தது தப்பு, படகுகள் வழக்கம்போல வலை போட்டுக்கொண்டிருந்தன. இரண்டாவதை எடுத்தேன். அம்சா பிறந்த ஊரான நெடுந்திட்டுக்கு நேரே, கூப்பிடு தூரத்துக்கு ஒன்றாக, இருபத்திரண்டு படகுகள்.

மூன்று என்றது இயந்திரம். காரணத்தின் பெயரைக் கேட்டது. ‘ஆளைத் தேடுதல்’ என்று அடித்தேன். எந்த வரியில் அன்றைக்குக் கணினியை மூடினேனோ அதே வரி. நான் விரல் வைத்தேன், சார் விரல் வைத்தார். இருபத்தாறு நொடி இருந்தது. முக்கோணங்கள் வேகம் குறைந்து, வளைந்து, வந்த வழியே திரும்பின.

சார் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். என் ஆறின டீயை எடுத்து ஊற்றிவிட்டு வேறு டீ கொண்டுவரச் சொன்னார். “போன் பேசினதை நான் பாக்கல,” என்றார்.

பன்னீர் மாமாவின் உடல் அன்று மாலையே கிடைத்தது. கலைமணி கரைக்கு வந்ததும் கூப்பிட்டான்.

“மாமாவக் கொண்டாந்துட்டோம்க்கா. முழுசா கிடைச்சாரு, அதுவே புண்ணியம். ஆமா, அம்சாகிட்ட என்ன கேட்ட? நான் கரையேறினதுலேருந்து என் கைய விட மாட்டேங்கிறா.”

“ஒண்ணுமில்லடா. கடல்ல எதாச்சும் பாத்தியா?”

“ஆளில்லாத போட்டு அஞ்சாறு வந்துச்சு. கிட்ட வந்துட்டு, வளைஞ்சு திரும்பிப் போயிருச்சு. வேடிக்கை பாக்க வந்திருக்கும்.” சிரித்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது பாதிக் காரணம்தான். நான் எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக அவன் சாக இருந்தான் என்று எந்த வாயால் சொல்வது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பத்து நாள் கழித்துத் தயாபரன் சார் உற்சாகமாக என்னைக் கூப்பிட்டார். “உன்னோட அறுபத்தஞ்சாவது காரணம் சிஸ்டத்துக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மூணு உதாரணத்தை வச்சுக்கிட்டு பழைய படமெல்லாத்துலயும் தானாவே தேடியிருக்கு. ஒன்பது வருஷத்துல, நம்ம கரை முழுக்க இருநூத்திப் பன்னெண்டு தேடல். ஒண்ணையும் விடல. இனிமே இதால எவனுக்கும் ஆபத்து வராது.”

திரையில் ஊர் ஊராக வரிசை கட்டி நின்றது. தேதி, படகு எண்ணிக்கை, எத்தனை நாள் தேடினார்கள். எங்கள் வீட்டுச் சாவும் ஒரு வரியாக அதில் இருந்தது. கடைசியில் ஒரு புதுப் பத்தி இருந்தது. எதிர்பார்ப்பு.

“இது என்ன சார்?”

“அதான்மா வாழ்தடம். நடந்ததை எல்லாம் வச்சு நடக்கப்போறதச் சொல்லுது. தேடலும் அவங்க பொழப்புல ஒரு பகுதின்னு புரிஞ்சுகிச்சு.”

ஆலங்கரை வட்டாரம், பதினான்கு ஊர்கள். ஐப்பசி முதல் மார்கழி முடிய: ஒன்றுக்குக் குறையாது. அப்படித்தான் போட்டிருந்தது. யார் என்று போடவில்லை, எந்தப் படகு என்று போடவில்லை. பதினான்கு ஊரில் எவனோ ஒருவன் இன்னும் மூன்று மாதத்தில் கடலில் போவான்.

“இத எடுத்துடலாம் சார்.”

“வாழ்தடத்துல சேர்ந்தத எப்படி எடுக்கறது? நடந்தது நடந்ததுதானே. ஏன், தப்பா இருக்கா?”

தப்பில்லை. அதுதான் பயமாக இருந்தது. எழுதினால் நடக்கும் என்று எங்கள் ஊரில் சொல்வதை நானே ஒரு இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். கலைமணி அந்த வருடம் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருவன். அவனை உட்கார வைத்து, லைஃப் ஜாக்கெட் போடாமல் ஒருவனும் ஏறக் கூடாது, தனிப் படகு போகக் கூடாது, இரண்டு இரண்டாகத்தான் போக வேண்டும், காற்று மாறினால் மீன் போனாலும் பரவாயில்லை என்று திரும்பிவிட வேண்டும், கரைக்கு வந்ததும் தலை எண்ண வேண்டும் என்று அடுக்கினேன்.

“அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு எவன்க்கா வலை இழுக்கறது? தோள அசைக்க முடியாது.”

“நீ இழு. உன்னப் பாத்து மத்தவங்க இழுப்பாங்க. பதினாலு ஊருக்கும் சொல்லு.”

“என்னாச்சு உனக்கு? எதாச்சும் கனா கண்டியா?”

“ஆமா, கெட்ட கனா,” என்றேன். அதை அவன் உடனே நம்பினான். கனவு என்றால் எங்கள் ஊரில் மறு பேச்சு இல்லை. பன்னீர் மாமாவின் சாவு எல்லோர் மனதிலும் பச்சையாக இருந்தது. பதினான்கு ஊரும் கூடிப் பேசி, மார்கழி முடிய இதுதான் கட்டுப்பாடு என்று முடிவு செய்தார்கள்.

அந்த மூன்று மாதம் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். காலையில் எங்கள் கடலைத் திரையில் எடுத்து, வரிசையாக எந்தப் படகாவது நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பையைக் கீழே வைப்பேன். ஐப்பசியில் இரண்டு புயல் சின்னம் வந்து வடக்கே போயின. கார்த்திகையில் நெடுந்திட்டுப் படகு ஒன்று கவிழ்ந்தது. நான்கு பேரும் ஜாக்கெட் போட்டிருந்தார்கள், கூடப் போன படகு நான்கு பேரையும் தூக்கிக்கொண்டது. அன்று மையத்தின் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதேன். மார்கழி பாதிக்கு மேல் ஓடிற்று. எதிர்பார்ப்புப் பத்தியில் அந்த ஒன்று அப்படியே நின்றது.

தை பிறந்த அன்று காலை கலைமணி கூப்பிட்டான்.

“அக்கா, பெரியவங்க எல்லாரும் கணக்குப் பாத்தாங்க. நம்ம பதினாலு ஊர்லயும் கடல் ஒருத்தரையும் எடுக்கல. பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயசு, இப்படி ஒரு பருவத்தப் பாத்ததில்லைங்கிறாரு. உன் கனாவ எல்லாரும் பேசிக்கிறாங்க. நாளைக்கு எல்லாப் போட்டும் அதே கட்டுப்பாட்டோட ஒண்ணா கிளம்புது. நீ அடுத்த மாசமாச்சும் வா.”

அவ்வளவு சந்தோஷமாக நான் தூங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. மறுநாள் வேலைக்குப் போனேன். பையைக் கீழே வைக்கவில்லை. திரை சிவந்திருந்தது.

ஆலங்கரை வட்டாரம், பதினான்கு ஊர்கள். கோட்டை ஒட்டிக் கடலில் இருப்பவை முந்நூற்றுப் பன்னிரண்டு படகுகள். வாழ்தடம் விலகியது. எதிர்பார்த்த தேடல் நிகழவில்லை. அனைவரும் ஒரே வகை உடை. இரட்டைப் படகுகளாக நகர்வு. கரையில் ஆள் எண்ணுதல். காரணம் தேர்ந்தெடுக்கவும்.

எத்தனை முக்கோணங்கள் என்று எண்ண எனக்குத் தைரியம் இல்லை. தயாபரன் சார் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

“என்னம்மா ஆச்சு இவங்களுக்கு?”

“யாரும் சாகல சார்.”

“என்ன?”

“இந்தப் பருவத்துல யாரும் சாகல. அதான் சார்.”

அவர் அறுபத்தைந்து காரணங்களையும் மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். பிறகு என் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“புதுக் காரணம் சேத்துடு வேதா. நான் கையெழுத்துப் போடறேன். மூணு உதாரணம் எடு, மூணே மூணு. இதுக்கு முன்னாடி இந்தப் பருவத்துல யாரும் சாகாத வருஷம் எதெது?”

நான் பழைய படங்களைத் திறந்தேன். போன வருடம் பார்த்தேன், அதற்கு முந்தின வருடம் பார்த்தேன், ஒன்பது வருடமும் பார்த்தேன். அப்படி ஒரு வருடம் இல்லை.